அன்சிபிளில் சாவி-பெறுமானத் தரவு: பட்டியலா, டிக்ஷனரியா, ரெம்ப்ளேட்டா?

யாழ்ப்பாண நகரில் தலைமை அலுவலகம். நல்லூர், கோப்பாய், சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறையில் ஐந்து கிளைகள். எல்லாமாக நாற்பது லினக்ஸ் கணினிகள். இப்படி ஒரு நிறுவனத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணினியிலும் பயனர் கணக்குகள் வேண்டும், கிளைக்கேற்ற வலையமைப்பு எண்கள் வேண்டும், சில சேவைகளின் அமைப்புகளும் வேண்டும். கையால் செய்து முடித்துவிடலாம், ஆனால் நாற்பதிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று யாரும் சத்தியம் பண்ண மாட்டார்கள். எழுதிவைத்த பைல்களின்படி பல கணினிகளையும் ஒரேயடியாக அமைத்துவிடும் கருவியான அன்சிபிள் உதவும் இடம் இதுதான். அதன் பைல்களில் அதிகம் குழப்புவதும் இந்தச் சாவி-பெறுமானத் தரவை (ஒரு பெயர், அதற்குரிய பெறுமானம் என்ற சோடிகளை) ஒவ்வொன்றாக எடுத்துச் சுழற்றும் பகுதிதான்.

கட்டளைச் சொற்களைக் கீழே ஒலிப்படி தமிழில் தருகிறோம். பைலில் அடிக்கும்போது அவை ஆங்கில எழுத்தில் இருக்கவேண்டும்.

"வித்_டிக்ட் பாவிப்பதா, லூப் பாவிப்பதா?" என்றுதான் பலரும் தொடங்குவார்கள். இரண்டுமே தரவைச் சுழற்றும் கட்டளைகள். ஆனால் அது இரண்டாவது கேள்வி. தரவைப் பட்டியலாக வைப்பதா, டிக்ஷனரியாக வைப்பதா என்பதே முதலாவது. அதைத் தவறாகத் தீர்த்துவிட்டால் எந்த லூப் எழுதினாலும் ஆறு மாதத்தில் திரும்ப எழுத நேரும்.

தரவு கிடக்கும் விதம்

டிக்ஷனரி வடிவம் (விலான் என்பது வலையமைப்புப் பிரிவின் எண், கேட்வே அதிலிருந்து வெளியே போகும் வாயிலின் முகவரி):

கிளைகள்:
  நல்லூர்:
    விலான்: 20
    கேட்வே: "10.20.0.1"
  கோப்பாய்:
    விலான்: 30
    கேட்வே: "10.30.0.1"

பட்டியல் வடிவம்:

கிளைகள்:
  - பெயர்: நல்லூர்
    விலான்: 20
    கேட்வே: "10.20.0.1"
  - பெயர்: கோப்பாய்
    விலான்: 30
    கேட்வே: "10.30.0.1"

(இடையில் ஒரு செய்தி: மேலேயுள்ள "கிளைகள்" போன்ற மாறியின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் அன்சிபிள் ஏற்கும். உள்ளே வரும் சாவிகள் தமிழிலேயே இருக்கலாம். திரையில் "நல்லூர்" என்று தெரிவது வேலையை இலகுவாக்கும். சாவியையே லினக்ஸ் பயனர் பெயராகவோ பைல் பெயராகவோ பாவிக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் ஆங்கிலத்தில் வையுங்கள்.)

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே பெயர் இரண்டு தடவை வரும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். டிக்ஷனரியில் நல்லூர் இரண்டு தடவை இருந்தால் அன்சிபிள் ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டு, கடைசியாக வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த வரியை யாரும் வாசிப்பதில்லை. ஆகவே அமைப்புப் பைலின் டிபோல்ட்ஸ் பகுதியில் டூப்ளிக்கேட்_டிக்ட்_கீ என்பதற்கு எரர் என்று கொடுத்து, ஓட்டமே நிற்கும்படி செய்துவிடுவது நல்லது.

பட்டியலில் எச்சரிக்கை கூட வராது. ஒரே பயனர் இரண்டு இடத்தில், முதலாவதில் பாஷ் ஷெல், இரண்டாவதில் நோலொகின் (உள்நுழைய விடாத ஷெல்) என்று இருந்தால், ஒவ்வொரு ஓட்டத்திலும் முதலாவது சுற்று ஒன்றை மாற்றும், இரண்டாவது சுற்று அதைத் திருப்பி மாற்றும். முடிவு சரிபோலவே தெரியும். "மாற்றப்பட்டது" என்ற எண்ணிக்கை மட்டும் எத்தனை தரம் ஓட்டினாலும் பூச்சியத்துக்கு வராது. ஓட்டும்போதெல்லாம் ஏதோ மாறுகிறது, ஏனென்று தெரியவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் தேடவேண்டியது இந்த இரட்டைப் பதிவைத்தான்.

அடுத்தது மேலெழுதல். எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான பயனர் தொகுதி ஒன்று, சாவகச்சேரிக்கு மட்டும் ஒருவரின் ஷெல் வேறு. டிக்ஷனரியாக இருந்தால் அந்த ஒரு சாவியை மட்டும் தொட முடியும். பட்டியலாக இருந்தால் ஒன்றில் முழுப் பட்டியலையும் சாவகச்சேரிக்கெனத் திரும்ப எழுதவேண்டும், இல்லையேல் இரண்டு பட்டியலையும் ஒட்டி மேலே சொன்ன இரட்டைப் பதிவுக்குள் விழவேண்டும்.

டிக்ஷனரியிலும் இது தானாக நடந்துவிடாது. பொதுப் பைலிலும் கிளைப் பைலிலும் ஒரே மாறிப் பெயரை வைத்தால், இயல்பில் அன்சிபிள் இரண்டையும் கலக்காது. கிளையில் உள்ளது பொதுவில் உள்ளதை முழுதாக மறைத்துவிடும். சாவகச்சேரியில் ஒருவரைச் சேர்க்கப் போய் மற்ற எல்லோரும் காணாமல் போவது இப்படித்தான். செய்யவேண்டியது: பொதுவுக்கு ஒரு பெயர், கிளைக்கு இன்னொரு பெயர் கொடுத்து, பாவிக்கும் இடத்தில் கம்பைன் வடிகட்டியால் சேர்ப்பது (வடிகட்டி என்பது கொடுத்த பெறுமானத்தை உருமாற்றித் தருவது). ரிகர்சிவ்=ட்ரூ என்று சேர்க்க மறக்கவேண்டாம். அது இல்லாவிட்டால் உள் டிக்ஷனரி முழுதாக மாற்றப்படும்: நல்லூரின் விலான் எண்ணை மட்டும் மேலெழுதப் போனால் கேட்வே மறைந்துவிடும், பின்னால் ஏதோ ஒரு ரெம்ப்ளேட் (மாறிகளை இட்டு நிரப்பிப் பைலை உருவாக்கும் மாதிரி) "கேட்வே வரையறுக்கப்படவில்லை" என்று விழும். ஹாஷ்_பிஹேவியர் என்ற அமைப்பை மேர்ஜ் ஆக மாற்றினால் எல்லாம் தானாகக் கலக்கும் என்று சிலர் வழிகாட்டுவார்கள். அது ஓட்டம் முழுவதையும் பாதிக்கும். பிறர் எழுதிய ரோல்களை (தயாராக எழுதிய பணித் தொகுதிகளை) இறக்கிப் பாவிக்கும்போது அவை எதிர்பாராத பெறுமானங்களோடு ஓடும். வேண்டாம்.

பட்டியல் வெல்லும் இடம் ஒழுங்கு. தீச்சுவர் விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகின்றன. "எல்லாவற்றையும் தடு" என்பது கடைசியில் நிற்கவேண்டும். இப்போதைய பைதனில் டிக்ஷனரியும் எழுதிய ஒழுங்கைக் காக்கிறது என்பது உண்மை, 3.7 இலிருந்து அது மொழியின் உறுதி. ஆனால் கம்பைன் செய்தவுடன் பழைய சாவிகள் முதலிலும் புதியவை பின்னாலும் வந்து சேரும். தடுப்பு விதிக்குப் பின்னால் போய் நிற்கும் அனுமதி விதியால் ஒரு பயனும் இல்லை. ஒழுங்கு முக்கியம் என்றால் பட்டியல்தான்.

சுழற்றும் விதம்: வித்_டிக்ட், லூப்

தரவு டிக்ஷனரி என்றால் இரண்டு வழி. பழையது வித்_டிக்ட்: நேரடியாக டிக்ஷனரியைக் கொடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஐட்டம்.கீ, ஐட்டம்.வேல்யூ என்று கிடைக்கும். புதியது லூப். அது அன்சிபிள் 2.5 இல் வந்தது. பட்டியலை மட்டுமே ஏற்கும். எனவே டிக்ஷனரியை டிக்ட்2ஐட்டம்ஸ் என்ற வடிகட்டிக்குள் செலுத்திப் பட்டியலாக்கிக் கொடுக்கவேண்டும். அந்த வடிகட்டி 2.6 இல் வந்தது, 2.8 இலிருந்து கீ_நேம், வேல்யூ_நேம் என்று கொடுத்து "கீ", "வேல்யூ" என்ற பெயர்களை "கிளை", "அமைப்பு" என்பதுபோல மாற்றிக்கொள்ளவும் முடியும்.

வித்_ வகைகள் நீக்கப்படவில்லை, உடனே நீக்கப்படும் என்றும் அறிவிக்கப்படவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பழைய பைலை இதற்காக மட்டும் உடைக்கத் தேவையில்லை. புதிதாக எழுதும்போது எங்கள் தெரிவு லூப்தான். காரணம் எழுத்து அழகு அல்ல, பிழை வெளியே தெரிவது. வித்_டிக்ட் சற்று அதிகமாகவே விட்டுக்கொடுக்கும். தவறுதலாக மேலேயுள்ள பட்டியல் வடிவத்தை அதற்குக் கொடுத்துப் பாருங்கள்: முறையிடாது. பட்டியலுக்குள் இருக்கும் ஒவ்வொரு டிக்ஷனரியையும் அவிழ்த்து, முதல் சுற்றில் கீ "பெயர்", வேல்யூ "நல்லூர்". இரண்டாவது சுற்றில் கீ "விலான்", வேல்யூ 20 என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கீயை வைத்துப் பயனர் கணக்கு உருவாக்கும் வேலையாக இருந்தால் "பெயர்", "விலான்" என்ற ஆட்கள் எல்லாக் கணினியிலும் முளைத்துவிடுவார்கள். டிக்ட்2ஐட்டம்ஸுக்கு அதே பட்டியலைக் கொடுத்தால் "டிக்ஷனரி தேவை, பட்டியல் வந்திருக்கிறது" என்று அங்கேயே நிறுத்தும். லூப்புக்கு வடிகட்டாமல் டிக்ஷனரியைக் கொடுத்தாலும் பட்டியல் கேட்டு நிற்கும்.

பட்டியல் பக்கத்திலும் இடமாற்றத்தில் ஒரு பள்ளம் உண்டு. வித்_ஐட்டம்ஸ் தனக்குக் கிடைக்கும் பட்டியலை ஒரு மட்டம் தட்டையாக்கும். லூப் அப்படிச் செய்யாது. இரண்டு பட்டியல்களை வித்_ஐட்டம்ஸின் கீழ் ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருந்த பைலில் சொல்லை மட்டும் லூப் என்று மாற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முழுப் பட்டியலே ஐட்டமாக வரும், "பட்டியலுக்கு நேம் என்ற பண்பு இல்லை" என்ற பிழை எழும். பிளாட்டன் வடிகட்டியை லெவல்ஸ்=1 என்று சேர்த்தால் பழைய நடத்தை திரும்பும்.

எந்த வழியை எடுத்தாலும் பிடிக்கும் பிழைகள் சில. சாவியில் சிறுகோடு இருந்தால் புள்ளி வைத்து எடுக்க முடியாது. மேக்ஸ்-சைஸ் என்பதை ஜின்ஜா (அன்சிபிள் பாவிக்கும் ரெம்ப்ளேட் மொழி) "மேக்ஸ் கழித்தல் சைஸ்" என்றே படிக்கும். கீஸ், வேல்யூஸ், ஐட்டம்ஸ் என்ற பெயரில் சாவி வைத்தாலும் புள்ளி ஏமாற்றும்: உங்கள் தரவுக்குப் பதிலாக டிக்ஷனரியின் உள் முறை ஒன்று வந்து விழும். பயனர் தொலைவிலிருந்து உள்நுழையப் பாவிக்கும் எஸ்எஸ்எச் சாவிகளுக்கு "கீஸ்" என்று பெயர் வைப்பது இயல்பாக வரும் என்பதால் இது அடிக்கடி நடக்கிறது. இரண்டுக்கும் மருந்து சதுர அடைப்பும் மேற்கோளும்.

மாறி வரையறுக்கப்படாத கணினிக்கு டிபோல்ட் வடிகட்டி போடுவோம். அதை டிக்ட்2ஐட்டம்ஸுக்கு முன்னால் வெற்று டிக்ஷனரியோடு வைக்கவேண்டும். பின்னால் வைத்தால் அதற்கு முன்பே ஓட்டம் விழுந்துவிடும். இன்னும் நுட்பமான ஒன்று: யாரோ எல்லாப் பயனர்களையும் அழித்துவிட்டு "பயனர்கள்:" என்ற வரியை மட்டும் விட்டுவைத்தால், அது வரையறுக்கப்படாத மாறி அல்ல, பெறுமானம் இல்லாத மாறி. சாதாரண டிபோல்ட் அதைக் கண்டுகொள்ளாது. இரண்டாவது உள்ளீடாக ட்ரூ கொடுத்தால்தான் வெற்று டிக்ஷனரிக்கு மாறும்.

நிபந்தனை ஒவ்வொரு சுற்றுக்கும் தனியாகப் பார்க்கப்படும். அன்சிபிள் கோர் 2.19 இலிருந்து நிபந்தனையின் விடை உண்மை அல்லது பொய்யாகவே இருக்கவேண்டும். ஐட்டத்தின் குழுப் பட்டியலை வெறுமனே நிபந்தனையாக எழுதி வைத்திருந்த பைல்கள் அங்கே நிற்கும். "நீளம் 0 ஐ விடக் கூட" என்று எழுதிவிடுங்கள்.

திரையில் ஒவ்வொரு சுற்றுக்கும் முழு டிக்ஷனரியும் கொட்டுவதைத் தடுக்க லூப்_கொன்ட்ரோலின் கீழ் லேபிளில் ஐட்டம்.கீ மட்டும் கொடுக்கலாம். அது வாசிப்பு வசதிக்குத்தான். கடவுச்சொல்லை மறைக்க வேண்டுமென்றால் நோ_லொக் போடவேண்டும்.

சுழற்சியே தேவையில்லாத இடம்

முடிவில் உருவாவது ஒரே பைல் என்றால் சுழற்சியைப் பணிக்குள் வைக்காமல் ரெம்ப்ளேட்டுக்குள் வையுங்கள். எங்கள் கணிப்பில் மிக அதிகமாக வீணாகும் நேரம் இங்கேதான். ஐபி ஒதுக்கீட்டுப் பைல் ஒன்றில் அறுபது வரிகள். அதை, பைலில் ஒரு வரியை எழுதும் லைன்இன்பைல் பணியை அறுபது தரம் சுழற்றி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதினால் இரண்டு தொல்லை. முதலாவது, தரவிலிருந்து ஒரு சாவியை எடுத்துவிட்டால் அதன் வரி பைலில் அப்படியே கிடக்கும். லூப் இருப்பதை எழுதுமே தவிர இல்லாததை அழிக்காது. இரண்டாவது நேரம்.

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பணியின் ஒவ்வொரு சுற்றும் தொலைவிலுள்ள கணினிக்குப் போய்ப் பைதன் நிரலை ஓட்டிவிட்டுத் திரும்பும் தனிப் பயணம். சுற்றுக்கு ஒரு விநாடி என்று வைத்தாலும் 60 சுற்று × 40 கணினி = 2400 விநாடி. போர்க்ஸ் இயல்பில் 5, அதாவது ஐந்து கணினிகள் ஒரே நேரத்தில்; எனவே 480 விநாடி, எட்டு நிமிடம். ரெம்ப்ளேட் என்றால் சுழற்சி உங்கள் கணினியிலேயே நடந்து முடியும், ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பைல்தான் போகும். கிளைக்குப் போகும் இணைப்பு மந்தமாக இருந்தால் வேறுபாடு இன்னும் பெரிதாகும். பைப்லைனிங் என்ற அமைப்பைப் போட்டால் ஒவ்வொரு பயணத்தின் செலவும் குறையும், பயணங்களின் எண்ணிக்கை குறையாது. மென்பொருள் பொதிகளுக்கும் இதே நியாயம்: ஆப்ட் பணிக்கு லூப் போடவேண்டாம், நேம் என்பதில் முழுப் பட்டியலையும் கொடுங்கள்.

ரெம்ப்ளேட்டுக்குள் சாவிகளை டிக்ட்சோர்ட் வழியாக எடுத்தால் ஒழுங்கு எப்போதும் ஒன்றாக இருக்கும். இல்லாவிட்டால் தரவுப் பைலில் இரண்டு வரியை இடம் மாற்றியதற்கே பைல் மாறியதாகக் காட்டிச் சேவையை மறுதொடக்கம் செய்யும். சாவிகள் எண்கள் என்றால் கவனம்: மேற்கோளுக்குள் இருக்கும் "10", "9" க்கு முன்னால் வரும். சில சாவி எண்ணாகவும் சில எழுத்தாகவும் கலந்திருந்தால் வரிசைப்படுத்தலே பிழையோடு நிற்கும். வலிடேட் உள்ளீட்டையும் பயன்படுத்துங்கள். நிர்வாக அதிகாரம் யாருக்கு என்று சொல்லும் சூடோயர்ஸ் பைலுக்கு விசூடோ -சிஎப் %எஸ் என்று கொடுத்தால், தவறான பைல் உரிய இடத்துக்குப் போகாமலே நின்றுவிடும்.

பயனர் கணக்கு, அடைவு, தரவுத்தளம் போன்றவற்றை ரெம்ப்ளேட்டால் உருவாக்க முடியாது. அவற்றுக்கு லூப்தான் வேண்டும். நீக்கத்தையும் தரவிலேயே எழுதுங்கள்: ஆள் விலகினால் சாவியை அழிக்காமல் ஸ்டேட் என்பதை ஆப்சென்ட் என மாற்றி, ஒருமுறை எல்லாக் கணினியிலும் ஓட்டிய பின் சாவியை எடுங்கள்.

ஒன்றுக்குள் ஒன்று

ஒவ்வொரு பயனருக்கும் பல எஸ்எஸ்எச் சாவிகள், ஒவ்வொரு கிளைக்கும் பல விலான்கள் என்று வந்தால் சப்எலிமென்ட்ஸ் வடிகட்டி போதும், ஐட்டம்.0 பயனர், ஐட்டம்.1 அவரது ஒரு சாவி. யாராவது ஒருவருக்குச் சாவிப் பட்டியலே இல்லையென்றால் விழும், ஸ்கிப்_மிஸ்ஸிங்=ட்ரூ கொடுத்தால் தாண்டிப் போகும். தரவு டிக்ஷனரி என்றால் முதலில் டிக்ட்2ஐட்டம்ஸ், பிறகு சப்எலிமென்ட்ஸ், உள் பட்டியலுக்கு வேல்யூ.கீஸ் என்ற பாதை (இது மேற்கோளுக்குள் கொடுக்கும் பாதை, எனவே மேலே சொன்ன புள்ளி ஏமாற்று இங்கே இல்லை).

மூன்றாவது மட்டம் வந்துவிட்டால் வடிகட்டிகளைக் கோர்க்கவேண்டாம். எழுதியவருக்கே அடுத்த மாதம் விளங்காது. உள் வேலைகளைத் தனிப் பைலில் வைத்து இன்க்ளூட்_டாஸ்க்ஸுக்கு லூப் போடுங்கள் (இம்போர்ட்_டாஸ்க்ஸும் பிளொக்கும் லூப்பை ஏற்காது). வெளிச் சுழற்சிக்கு லூப்_வார் மூலம் "கிளை" போன்ற தனிப் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் உள்ளேயுள்ள ஐட்டம் வெளியேயுள்ள ஐட்டத்தை மறைத்துவிடும். எச்சரிக்கை வரும், ஓட்டம் நிற்காது, கோப்பாயின் எண்கள் எங்கேயோ போய் ஒட்டும்.

விளைவைப் பதிவு செய்தால் ரிசல்ட்ஸ் என்ற பட்டியலாகக் கிடைக்கும். நிபந்தனையால் தாண்டப்பட்ட சுற்றுகளும் அதில் இருக்கும், ஆனால் அவற்றுக்கு ஆர்சி (கட்டளை முடிந்த நிலையைச் சொல்லும் எண்) போன்ற விடை இருக்காது. அதையும் வடிகட்டுங்கள். ஒரு சுற்று தோற்றாலும் மிச்சச் சுற்றுகள் ஓடி முடிந்த பின்னரே பணி தோல்வி என்று அறிவிக்கப்படும் என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

021 என்ற பொறி

லூப் எல்லாம் சரியாக இருந்தும் பெறுமானம் தவறாக வந்தால் இந்தப் பைல்கள் எழுதப்படும் வடிவமான யாமலைச் சந்தேகியுங்கள். மேற்கோள் இல்லாமல் 021 என்று எழுதினால் அது நமது யாழ்ப்பாணத் தொலைபேசிக் குறியீடு அல்ல. பூச்சியத்தில் தொடங்குவதால் எட்டின் அடியிலான எண்ணாகப் படிக்கப்பட்டு 17 ஆகிவிடும். பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவரின் சேர்விலக்கத்தைச் சாவியாக வைத்தால் 00457 என்பது 303 ஆகும். பக்கத்தில் உள்ள 00458 அப்படியே இருக்கும், ஏனென்றால் 8 எட்டடி எண்ணில் வராது, யாமல் அதை எழுத்தாக விட்டுவிடும். சிலருக்குச் சரி, சிலருக்குப் பிழை என்பதால்தான் இதைக் கண்டுபிடிக்கக் கனநேரம் எடுக்கும். 22:30 என்ற நேரம் அறுபதின் அடியில் 1350 ஆகும். யெஸ், நோ, ஒன், ஓப் ஆகியவை உண்மை-பொய் ஆகும். இலக்கம் போலத் தெரியும் ஆனால் கூட்டிக் கழிக்கப்படாத எதையும் மேற்கோளுக்குள் வையுங்கள்.

வேறு கருவிகள்

நான்கைந்து சேர்வர்தான் என்றால் பாஷ் போதுமே என்று தோன்றும். பாஷ் 4 இலிருந்து சாவியுள்ள அணிகள் உண்டு. ஆனால் ஒழுங்குக்கு உறுதியில்லை, பெறுமானம் எழுத்துச் சரமாக மட்டுமே இருக்கும், உள் டிக்ஷனரி கிடையாது. கிளைக்கு ஒரு எண் என்றால் சரி; விலானும் கேட்வேயும் சேர்ந்து வந்தவுடன் சாவிப் பெயரை ஒட்டி வெட்டும் வேலை தொடங்கும். அன்சிபிள் போன்ற இன்னொரு கருவியான சோல்ட்டில் ஜின்ஜா முதலில் ஓடி யாமல் எழுத்தை உருவாக்குகிறது, பிறகே அது படிக்கப்படுகிறது. எனவே அங்கே சுழற்சிக்குள் இடைவெளி பிசகினாலே பிழை வரும், ஒவ்வொரு சுற்றின் அடையாளப் பெயரும் வேறாக இருக்கவும் வேண்டும். சேர்வர் போன்றவற்றையே உருவாக்கும் கருவியான டெராபோர்மில் கவுண்ட் வழியாகப் பட்டியலைச் சுழற்றினால், நடுவில் ஒன்றை எடுத்ததும் பின்னால் உள்ளவற்றின் எண் எல்லாம் மாறி, தேவையில்லாமல் அழித்துக் கட்டும். போர்_ஈச் சாவியை வைத்து அடையாளம் காண்பதால் அந்த ஆபத்து இல்லை. பட்டியல்-டிக்ஷனரி வழக்கு அங்கேயும் அதேதான்.

எதை எடுப்பது

பயனர்கள், கிளைகள், சேவைகள்: பெயரால் அறியப்படுபவை, கிளைக்குக் கிளை மாறுபவை. டிக்ஷனரி, கம்பைன், டிக்ட்2ஐட்டம்ஸ், லூப். தீச்சுவர் விதிகளுக்கும் படிமுறைகளுக்கும் பட்டியலும் நேரடி லூப்பும். ஒரு பைலுக்குள் போய்ச் சேருவது எதுவோ அதற்கு ரெம்ப்ளேட். கிளை வேறுபாடே இல்லாத, ஒரே இடத்தில் மட்டும் எழுதப்படும் பத்து வரித் தரவுக்குப் பட்டியலே போதும். அதற்கு டிக்ஷனரி கட்டுவது வீண் வேலை.

ஏற்கெனவே பட்டியலாக இருப்பதை மாற்றுவதென்றால் முதலில் இரட்டைப் பெயர்களைத் தேடித் தீருங்கள், ஏனெனில் டிக்ஷனரியில் ஒன்று மறைந்துவிடும். பிறகு தரவை மாற்றி, லூப்பைத் தொடாமல், டிபக் பணியால் டிக்ட்2ஐட்டம்ஸின் விளைவை அச்சிட்டுப் பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். அடுத்து லூப்பையும் மாற்றி, ஒரே ஒரு கணினியில் செக் (எதையும் மாற்றாத ஒத்திகை), டிப் (வித்தியாசத்தைக் காட்டுவது) இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். வித்தியாசம் எதுவும் காட்டாவிட்டால் உண்மையாக ஓட்டி, உடனே இரண்டாம் முறையும் ஓட்டுங்கள். இரண்டாம் ஓட்டத்தில் மாற்றப்பட்டவை பூச்சியம் என்று வந்த பிறகுதான் மற்றக் கிளைகளுக்குப் போகவேண்டும்.